தங்குவதா, திரும்புவதா?

ஊரை விட்டோடி அயல்நாட்டில் ஒதுங்கியவனை நோக்கி உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. வந்த புதிதில், "ஏன் வந்தாய்?" என்று கேட்கிறது. சில ஆண்டுகள் கழிந்ததும், "எப்பொழுது போவாய்?" என்று கேட்கிறது. முதற் கேள்விக்கு அவனிடம் விடை உண்டு. எரிந்துபோன வீடும், காணாமற்போன பிள்ளையும், தோணியிற் கழிந்த இரவும் அவனுக்காகப் பேசும். இரண்டாங் கேள்விக்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவன் அவன் ஒருவன்தானா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

நமது மலாக்கா நாட்டுத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இக்கேள்வி அடிக்கடி அடிபடுகிறது. கோயில் மண்டபத்திலும், சாப்பாட்டுக் கடை மேசையிலும், தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸிலும் நம்மவர் இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர். "2009-ம் ஆண்டு மே மாதத்தோடு அங்கே சண்டை ஓய்ந்துவிட்டதே; இன்னும் இவர்கள் ஏன் ஊர் திரும்பவில்லை?" என்பார் ஒருவர். "முப்பது நாற்பது வருஷம் இருந்து வேர்விட்ட இடத்தை விட்டு ஏன் போகவேண்டும்?" என்பார் மற்றொருவர். இருவரும் நல்லெண்ணம் உடையவரே. ஆனால், இருவரும் விடை மிக எளிது என்று எண்ணுகின்றனர். தமக்கு நேராத இடுக்கணில் பிறருக்கு வழி சொல்வது எப்பொழுதுமே எளிதாகத்தான் தோன்றும். ஆதலின், நாம் அவசரப்படாமல் இதனை ஆராய்வோமாக.

முதலில் நடந்தது இன்னதென்று அறிதல் வேண்டும். இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல்களுக்குப் பின் அலையலையாக மக்கள் தமிழகக் கரையை அடைந்தனர். மண்டபம் முகாம் அவர்களுக்கு முதல் தங்குமிடமாயிற்று. போர் மூண்டபோதெல்லாம் புதிய அலை எழுந்தது. மொத்தத்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு கடல் கடந்தனர். பலர் திரும்பினர், பலர் மேல்நாடுகளுக்குச் சென்றனர். 2021-ம் ஆண்டில் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேரும் எஞ்சியிருந்தனர். அவ்வாண்டு தமிழக சர்க்கார் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. புதிய வீடுகள் கட்டவும் திட்டமிட்டது. பெயர் மாறியது நல்லதே. ஆயினும், பெயர் மாற்றத்தால் பிரஜாவுரிமை வந்துவிடாது.

இந்தியச் சட்டப்படி, 1987-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதிக்குப் பின் அங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்பினால் மட்டும் பிரஜாவுரிமை கிடையாது. பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இருத்தல் வேண்டும். 2019-ம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தினருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவரைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தக்க பத்திரமின்றித் தங்கிய குற்றத்துக்கான தண்டனையினின்று 2025-ல் இந்திய சர்க்கார் விலக்கியது. தண்டனை இல்லை என்பது ஒரு நிம்மதி. உரிமை உண்டு என்பது அதனின் வேறானது. அது இன்னும் வரவில்லை.

இனி, திரும்பிச் சென்றவர் கதையைக் கேளுங்கள். 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சமாதானம் வந்துவிட்டது என்று நம்பிப் பல்லாயிரவர் ஊருக்குக் கப்பலேறினர். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. கூரை வேய்ந்து முடியுமுன் அவர்களுட் பலர் மறுபடியும் தோணியேறித் தமிழகம் வந்தனர். அடுத்த ஆண்டு மே மாதம் 21-ந் தேதி ராஜீவ் காந்தி கொலையுண்டார். அக்கொலையில் ஒரு பங்கும் இல்லாத அகதிகள்மீது சந்தேகம் கவிந்தது. 1992 முதல் 1995 வரை 50,000-க்கு மேற்பட்டோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். "சுய விருப்பத்தோடு போகின்றனர்" என்று அதிகாரிகள் கூறினர். விருப்பமின்றியே பலர் அனுப்பப்படுகின்றனர் என்ற முறையீடு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பின்னரே ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் அவர்களை நேரில் விசாரித்து விருப்பத்தை உறுதி செய்ய இடமேற்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? காகிதத்தில் கையெழுத்திட்டவன் எல்லாம் மனம் ஒப்பினவன் ஆகான். உணவுப்படி நின்றுவிடும் என்ற அச்சமும், போலீஸ் தொல்லை பெருகும் என்ற அச்சமும் ஒருவன் கையைப் பிடித்துக் கையெழுத்திடச் செய்யும். அவ்வாறே, தங்கியிருப்பவன் எல்லாம் தங்க விரும்பினவன் என்று கொள்ளுதலும் பிழை. போவதற்கு வழியறியாமல் நிற்பவனும் தங்கியிருப்பவனாகவே கணக்கில் சேர்கிறான்.

ஒரே குடிசைக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டென்பதை நாம் மறத்தலாகாது. கிழவனுக்குத் தன் தாய்தந்தையர் சாம்பல் கரைந்த மண்ணில் தன் சாம்பலும் கரையவேண்டும். அவன் மகன் முகாமிலே பிறந்தவன்; தமிழகத்துப் பள்ளியிற் படித்துத் தமிழகத்துப் பேச்சுப் பேசுகிறவன்; இலங்கை அவனுக்குத் தகப்பன் சொன்ன கதை. பட்டம் பெற்றும் பிரஜாவுரிமை இல்லாமையால் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட இயலாமல், வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர் அவன் தலைமுறையில் பலர். தாயோ, ஊரில் எஞ்சிய நிலம் யார் கையில் இருக்கிறது, கிணறு தூர்ந்துவிட்டதா, பெண்பிள்ளையை அங்கே தனியே பள்ளிக்கு அனுப்பலாமா என்று எண்ணிப் பார்க்கிறாள். அவள் அச்சம் வீணானதன்று. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990-ல் மக்கள் வெளியேறிய காணிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இராணுவத்தின் கையில் இருந்தன. திருகோணமலையைச் சார்ந்த சம்பூரில் 2006-ல் பெயர்ந்தவர்கள் தம் மண்ணை மீண்டும் மிதிக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மூன்று நியாயங்களும் ஒன்றாக இசையாதபோது, வெளியிலிருந்து வருகிறவன் எதைக் கொண்டு தீர்ப்பளிப்பான்?

தீர்ப்பளிக்க முன்வருவோர் பெரும்பாலும் இரண்டு கடமைகளை எடுத்துக் காட்டுவர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, நன்றிக் கடமை. "விருந்தாளி வந்த காரியம் முடிந்ததும் விடைபெற வேண்டும், அதுவே இடங்கொடுத்தவனுக்குச் செய்யும் மரியாதை" என்பர். விருந்தோம்பலில் சிறந்தவர் என்று நம்மை நாமே பாராட்டிக்கொள்ளும் தமிழருக்கு இவ்வுவமை இனிக்கும். ஆனால் விருந்தாளிக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. அவன் மழைக்கு ஒதுங்கியவனும் அல்லன், அழைப்பின்பேரில் வந்தவன். அகதியோ அழைப்பின்றி உயிருக்கு அஞ்சி வந்தவன். அவனுக்கு இடங்கொடுத்தவன் விருந்தளிக்கவில்லை; மனிதன் மனிதனுக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்தான். அதற்கும் நன்றி உரியதே. அந்நன்றியை உழைப்பாலும், சட்டத்துக்கு அடங்கிய ஒழுக்கத்தாலும், அக்கம்பக்கத்தாருக்கு உதவுதலாலும் செலுத்தலாம். வெளியேறினால்தான் கடன் தீரும் என்று எந்த நீதிநூல் கூறும்? மேலும், முகாமிலே பிறந்த பிள்ளை ஒருவர் வீட்டுக்கும் விருந்தாளியாக வந்ததில்லை. அப்பிள்ளைக்கு அது பிறந்த ஊர். பிறந்த ஊரில் வாழ்வதற்கு ஒருவன் தினந்தோறும் நன்றி கூறிக்கொண்டிருக்க வேண்டுமென்று நாம் நம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்போமா?

இரண்டாவது, தாயகக் கடமை. "எல்லோரும் அயல்நாட்டில் தங்கிவிட்டால் நம் மண் யாருக்கு? நிலம் பிறர் வசமாகும், பள்ளிகளில் பிள்ளைகள் குறைவர், தேர்தலில் வாக்குக் குறையும்" என்பர். இது முன்னதைக் காட்டிலும் கனமான வாதம். இதனைப் புறக்கணிக்கக் கூடாது. தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன் 1984-ல் ஈழ அகதிகள் புனர்வாழ்வுக் கழகத்தைத் தமிழகத்திலே தொடங்கினார். ஒருநாள் ஊர் திரும்பி அதனைக் கட்டியெழுப்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு, முகாம் பிள்ளைகளுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிப்பதில் அக்கழகம் முனைந்தது. பிறப்புப் பத்திரங்கள் பெற்றுத் தரவும் உழைத்தது. இப்பணியில் ஒரு நுட்பம் உண்டு. 'நீ போ' என்று சொல்வதற்கு முன், போகிறவன் நிமிர்ந்து நிற்கத் தக்க அறிவையும் பத்திரத்தையும் அவன் கையில் கொடுக்க முயன்றனர். அவற்றைப் பெற்றவன் தங்கினாலும் கெட்டுப்போகமாட்டான்.

ஆனால் தாயகக் கடமையைப் பேசுகிறவர் எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். லண்டனிலும், டொரோண்டோவிலும், கோலாலம்பூரிலும் பாஸ்போர்ட்டும் வீடும் பெற்று அமர்ந்தவர், முகாம்வாசியைப் பார்த்து, "நீ போய் மண்ணைக் காப்பாற்று" என்று சொல்வது எந்த நியாயம்? தன் தோளில் ஏற்காத சுமையைப் பிறன் தோளில் வைக்கிறவன் கடமையைப் பேசவில்லை; கட்டளையிடுகிறான். தாய்மண்ணுக்காகத் துன்பம் ஏற்பது மிக உயர்ந்த செயல். அதனை ஒருவன் தானே ஏற்கும்போதுதான் அது உயர்வு பெறும். பிறர் தூண்டி ஏற்றினால் அதற்குப் பலி என்று பெயர்.

தோழர்களே! இவையெல்லாம் இலங்கையார் கதை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். இதே கேள்வியை நம் பாட்டனாரும் பாட்டியாரும் எதிர்கொண்டனர். அவர்கள் அகதிகளல்லர், கூலிக்கு வந்தவர்கள். ஆயினும், போவதா இருப்பதா என்ற தராசு அவர்கள் கையிலும் ஆடியது.

1896-ல் தான் சாய் யான் என்னும் சீனப் பெரியார் நம் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் காடுகள் பால்மரக் காடுகளாயின, லயங்கள் எழுந்தன, கப்பல் கப்பலாக நம்மவர் வந்தனர். வந்தவர் பெரும்பாலும், "நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவோம்" என்றே வந்தனர். ஊருக்குப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. பிள்ளைகள் பிறந்தனர், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தனர்.

பூலாவ் செபாங்கையும் தம்பினையும் அறியாதார் நம்மில் இல்லை. ஒன்று மலாக்காவைச் சேர்ந்தது. மற்றொன்று நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. ரயில் நிலையம் இரண்டுக்கும் ஒன்றே. நடந்துபோகிறவன் காலுக்கு எல்லை தெரியாது. ஆனால் 1948-ம் ஆண்டு மலாயா கூட்டரசு ஒப்பந்தத்துக்கு அந்த எல்லை நன்றாகத் தெரிந்தது. மலாக்காவும் பினாங்கும் குடியேற்ற நாடுகளாக இருந்தமையால், அவற்றிற் பிறந்து நாட்டில் நிலையாக வாழும் பிரிட்டிஷ் பிரஜைக்குக் கூட்டரசுப் பிரஜாவுரிமை தானே உரியதாயிற்று. சுல்தான்களின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிற் பிறந்த தமிழனுக்கோ அது போதாது. அவன் தகப்பனும் இந்நாட்டிற் பிறந்தவனாகவோ, மகன் பிறந்தபோது இங்கே நிலையாகக் குடியிருந்தவனாகவோ இருத்தல் வேண்டும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பிரசவித்த தாய்க்கும் அந்தப் பக்கம் பிரசவித்த தாய்க்கும் நோவு ஒன்றுதான். பிள்ளைகளின் விதி வெவ்வேறாயிற்று. மனிதர் வரைந்த கோடு ஒன்று, ஒருவன் சொந்தக்காரனா அயலானா என்று தீர்மானித்தது.

1957 ஆகஸ்டு 31-ல் நாடு விடுதலை பெற்றபோது பிரஜாவுரிமை பெறும் வழி முன்னிலும் அகலமாகத் திறந்தது. பெற்றவர் பலர். பெறாதவரும் பலர். எழுத்தறியாமையாலும், பிறப்புப் பத்திரம் இன்மையாலும், "அடுத்த வருஷம் ஊருக்குத்தானே போகிறோம்" என்ற எண்ணத்தாலும், நாட்கூலியை இழந்து பட்டணத்து ஆபீசுக்கு நடக்க இயலாமையாலும் அவர்கள் மனுப்போடாமல் இருந்துவிட்டனர். அவர்கள் 'போகிறேன்' என்றும் சொல்லவில்லை. 'இருக்கிறேன்' என்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சும்மா இருந்த நாட்களிலும் காலம் சும்மா இருக்கவில்லை. 1968-ல் பிரஜையல்லாதார் வேலைக்குப் பெர்மிட் பெறவேண்டும் என்ற சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக்கார்டு வைத்திருந்த பால்மரத் தொழிலாளி, தான் இருபது முப்பது வருஷம் சீவிய மரத்தைச் சீவுவதற்கு அநுமதி கேட்கவேண்டியவன் ஆனான். அந்த நாட்களில் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர் இந்நாட்டை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். கணவன் போக மனைவி தங்கிய குடும்பங்களும் உண்டு. பெற்றோர் போகப் பிள்ளைகள் தங்கிய குடும்பங்களும் உண்டு.

போனவர்களை அறிவிலிகள் என்று இன்று சிலர் கூறுவர். இருந்தவர்களைத் துணிவிலிகள் என்று அன்று சிலர் கூறினர். இரண்டும் அநியாயம். முடிவு செய்யத் தக்க செய்தியும், அவகாசமும், பத்திரமும் இல்லாதவனிடம் முடிவைக் கேட்டுவிட்டு, பின்னால் அவனைப் பழிப்பது முறையன்று.

அக்காலத்திலேயே இதற்கு வேறுவிதமாக விடைகாண முயன்றவரும் இருந்தனர். தோட்டத் துண்டாடலால் நம்மவர் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அப்பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. "இரு" என்று வாயால் சொல்லாமல், இருப்பதற்கு ஓர் இடத்தை உண்டாக்க முயன்றமையே அம்முயற்சியின் சிறப்பு.

இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தமிழர் பட்டது இன்னும் கொடிது. 1948-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று வகுத்தனர். 1974-ல் அந்த எஞ்சியவரையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டனர். மாட்டுச் சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். இங்கே ஒருவரையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. இந்தியாவுக்கு வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களுட் பலர் அந்தத் தாயகத்தை முன்பு கண்டதே இல்லை. நீலகிரியில் அவர்களுக்காக அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. இலங்கையில் 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவன், நீலகிரியில் 'சிலோன்காரன்' என்று அழைக்கப்பட்டான். இலங்கையிலே எஞ்சிய நாடற்றவருக்கு 2003-ம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் பிரஜாவுரிமை கிடைத்தது. அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு!

பர்மாவிலிருந்து வந்த தமிழர் கதையும் ஒன்று சொல்லத்தக்கது. 1962-ல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் கடைகளும் தொழில்களும் சர்க்கார் வசமாயின. லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டனர். தமிழகம் வந்த சிலருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. தரைவழியே மறுபடியும் பர்மாவுக்குப் போகப் புறப்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் எல்லையூராகிய மோரேயிலே தங்கி, கோயில் கட்டி, கடை வைத்து வாழத் தலைப்பட்டனர். அவர்கள் தாயகம் எது? முன்னோர் பிறந்த இராமநாதபுரமா, தாம் பிறந்த ரங்கூனா, இரண்டுக்கும் போக முடியாமல் நின்ற மோரேயா? மனித மனம் தேசப்படத்தின்படி அமைவதில்லை.

இத்தனை உதாரணங்களிலிருந்தும் நமக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. ஒரு முடிவு மெய்யான முடிவாக வேண்டுமானால் இரண்டு கதவுகளும் திறந்திருத்தல் வேண்டும். ஒரு கதவைத் தாழிட்டுவிட்டு, "உன் இஷ்டம்போல் செய்" என்பது பரிகாசம்.

திரும்பும் கதவு திறந்திருப்பதென்றால் யாது? நிலம் உரியவனிடம் சேரவேண்டும். பிள்ளைகளின் பிறப்பு அந்நாட்டிலே பதிவாகவேண்டும். திரும்பியவனை விமான நிலையத்திலே குற்றவாளிபோல் விசாரிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். தங்கும் கதவு திறந்திருப்பதென்றால் யாது? சட்டப்படி வசிக்கும் உரிமை, உழைக்கும் உரிமை, அங்கே பிறந்தவனுக்குப் பிரஜாவுரிமை ஆகியவை வேண்டும்.

இங்கே பலர் கவனியாத ஒன்று உண்டு. தங்கும் உரிமையைக் கொடுத்தால் ஒருவனும் திரும்பமாட்டான் என்று ஆட்சியாளர் அஞ்சுகின்றனர். நமது கருத்து நேர்மாறானது. போனால் மீண்டும் வரமுடியாது என்று அறிந்தவன் இருக்கும் இடத்தை இறுகப் பற்றிக்கொள்வான். போய்ப் பார்த்து, சரிப்படாவிட்டால் திரும்பி வரலாம் என்ற உறுதி உள்ளவன் துணிந்து போவான், ஒரு போகம் பயிரிட்டுப் பார்ப்பான், வீட்டைச் செப்பனிடுவான், பிறகு பிள்ளைகளை அழைப்பான். 1987-ல் போய் 1990-ல் ஓடிவந்தவனின் நினைவு இன்னும் முகாமில் இருக்கும்போது, மீளவொண்ணாத பயணத்துக்கு எவன் மனைவி மக்களோடு ஒப்புவான்?

"எந்த நாடும் எல்லோருக்கும் இடங்கொடுக்க இயலுமா? அந்த நாட்டு ஏழைகள் கதி என்ன?" என்ற ஆட்சேபம் எழலாம். இது நேர்மையான ஆட்சேபம். யாரை உள்ளே விடுவது என்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நாற்பது ஆண்டுகளாக உள்ளே இருப்பவனைப் பற்றி வாசலில் நிற்பவனைப்போல் பேசுவது பொருந்தாது. அவன் ஏற்கெனவே சுவர் எழுப்புகிறான், வர்ணம் பூசுகிறான், மீன் சுமக்கிறான். அவனை உரிமையின்றி வைத்திருப்பதால் அந்நாட்டு ஏழைக்கு நன்மை உண்டா? தோட்டத் தொழிலாளரே, இதற்கு விடை உங்களைவிட அறிந்தவர் யார்? பத்திரமில்லாதவன் குறைந்த கூலிக்கு வாய்திறவாமல் உழைப்பான். அவனைக் காட்டி முதலாளி பத்திரமுள்ளவன் கூலியையும் ஏறவிடமாட்டான். செம்பனைக் காட்டில் இதனை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஆதலின், பத்திரமில்லாதவன் நமக்குப் போட்டியாளன் என்று கோபிப்பதைவிட, அவனுக்கும் பத்திரமும் சரிகூலியும் வேண்டும் என்று கேட்பதே நமக்கு லாபம். தர்மமும் லாபமும் ஒரே பக்கத்தில் நிற்கும் சந்தர்ப்பங்கள் அரியவை. இது அவற்றுள் ஒன்று.

மலாக்காவாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. இந்நகரை 1400-ம் ஆண்டளவில் நிறுவிய பரமேசுவரன் யார்? துமாசிக்கிலிருந்து துரத்துண்டு, ஒதுங்க இடந்தேடி வந்தவன். ஓர் அகதி இறங்கிய கரையில்தான் இத்துறைமுகம் எழுந்தது. அத்துறைமுகத்துக்கு வணிகராக வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்களாகிய மலாக்காச் செட்டிகள் இன்றும் காஜா பெராங்கில் வாழ்கின்றனர். 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைக் காத்து வருகின்றனர். அவர்கள் தாய்மொழி மலாயாயிற்று, உடையும் உணவும் இந்நாட்டின் சாயலைப் பெற்றன, வழிபாடு மாறவில்லை. தங்கியவர் ஒன்றை இழப்பர், ஒன்றைக் காப்பர், புதிதாக ஒன்றைப் பெறுவர். அந்தக் கணக்கைப் பார்த்து, "நீ குறைந்த தமிழன்" என்று அவர்களை எடைபோட நமக்கு அதிகாரமில்லை.

மலேசியா 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் பதிந்த அகதிகள் 2024-ம் ஆண்டு முடிவில் இங்கே 190,000-க்கு மேல் இருந்தனர். பெரும்பாலோர் மியன்மார் நாட்டவர். இலங்கைத் தமிழரும் அவர்களிடையே உண்டு. சட்டப்படி வேலை செய்யும் உரிமையோ, சர்க்கார் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் உரிமையோ அவர்களுக்கு இருக்கவில்லை. 1975 முதல் படகுகளில் வந்த வியட்நாமியர் சுமார் 250,000 பேருக்கு இந்நாடு ஒதுங்க இடம் தந்தது. பீடோங் தீவு முகாம் உலகறிந்தது. அவர்களுட் பெரும்பாலோரை மேல்நாடுகள் ஏற்றுக்கொண்டன. இன்று அவ்வாறு ஏற்கும் நாடுகள் கதவை ஒடுக்கி வருகின்றன. ஆகவே, இங்கே உள்ள அகதிக்குத் திரும்பும் கதவும் ஐயம், தங்கும் கதவும் ஐயம், மூன்றாம் நாட்டுக் கதவும் ஐயம். அவனிடம் போய், "எப்பொழுது போவாய்?" என்று கேட்பது எத்தகைய கொடுமை!

நாம் சட்டம் இயற்றுகிறவர்களல்லோம். ஆயினும் நம்மால் ஆவன சில உண்டு. அவன் பிள்ளையை நம் மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று நம் தொழிற்சங்கத்தில் வற்புறுத்தலாம். பிறப்பு, திருமணம், நிலம் ஆகியவற்றின் பத்திரங்களைப் பத்திரப்படுத்தவும், இழந்தவற்றை மறுபடி பெறவும், படித்த நம் இளைஞர் மனு எழுதிக் கொடுக்கலாம். இன்றுங்கூட நம் லயங்களில் சிவப்பு அடையாளக்கார்டோடு, அதுவும் இல்லாமல், முதுமையடைந்த நம்மவர் இருக்கின்றனர். அந்த உதவி அவர்களுக்கும் வேண்டும். முகாம்களிலுள்ள குடும்பங்களுக்கு நம் உறவினர் மூலம் கடிதம் எழுதுவோர், ஊர் நிலைமையை உள்ளபடி எழுதவேண்டும். போகத் தூண்டும் பொய்யும் வேண்டாம், போகாமல் தடுக்கும் பொய்யும் வேண்டாம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. தகப்பன் தன் ஏக்கத்தைப் பிள்ளையின் கடமையாக்கக் கூடாது. பிள்ளையும் தன் வசதிக்காகத் தகப்பனின் ஏக்கத்தை எள்ளக் கூடாது. வயதுவந்த ஒவ்வொருவரையும், பெண்களை முக்கியமாக, தனித்தனியே கேட்கவேண்டும். கிழவன் போகட்டும், மகன் இருக்கட்டும், இருவரும் கண்டுகொள்ள வழி இருக்கட்டும். குடும்பம் முழுவதும் ஒரே பக்கம் நிற்கவேண்டும் என்பது சர்க்கார் பாரத்தின் வசதியே தவிர, வாழ்க்கையின் விதியன்று.

இவ்வளவும் செய்தபின் அவன் தங்கினால் தங்கட்டும், திரும்பினால் திரும்பட்டும். அவன் முடிவு பின்னால் பிழையாகப் போகவுங்கூடும். பிழைக்கும் அபாயத்தோடு முடிவு செய்யும் உரிமையே சுதந்திரம் எனப்படுவது. நம் வாழ்க்கையில் நாம் ஒவ்வொருவரும் அதனைத் துய்க்கிறோம். அந்த உரிமையை அகதிக்கு மட்டும் மறுப்பதற்கு நமக்குக் காரணம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவனைக் காணும்போது, "எப்பொழுது போவாய்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "முடிவு செய்ய உனக்கு என்ன தேவை?" என்று கேட்போமாக. அவன் சொல்லும் விடையில் நம்மால் இயன்றது ஏதேனும் ஒன்று கட்டாயம் இருக்கும்.